வேலிக்கு வெளியே நின்றவரின் கேள்வி



2022 மார்ச் 12ஆம் நாள் நம் ஜோகூரில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது அல்லவா? அன்று வாக்களித்துவிட்டு வெளியே வந்தபோது, சாவடிக்கு எதிரே வேலியோரம் நேப்பாளத் தொழிலாளர் சிலர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் எம்மை ‘சிக்கு’ என்றழைத்து, தமக்குத் தெரிந்த மலாயில் பேச்சுக் கொடுத்தார். ஒரே கம்பத்தில் மூன்று கட்சிக் கொடிகள் சண்டையின்றிப் பறந்தது அவருக்கு வியப்பு. தோட்ட நிர்வாகியும் புல்வெட்டும் அம்மாவும் ஒரே வரிசையில் நின்று, இருவரும் இடக்கை ஆள்காட்டி விரலை மைக்கு நீட்டியது இன்னும் பெரிய வியப்பு. பிறகு கேட்டார்: “இவ்வளவு கொடி இருக்கிறது, வரிசை ஏன் இவ்வளவு குட்டை?”

எமக்கு உடனே விடை வரவில்லை. அன்று மாநிலத்தில் வாக்களித்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர்தாம். 2018 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் 82 பேர் வாக்களித்திருந்தனர். நோய்ப் பயம் ஒரு காரணம். சிங்கப்பூர் எல்லை முழுமையாகத் திறக்கப்படாதிருந்தது இன்னொன்று. அலுப்பும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

அவர் நின்ற இடத்தில் ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் நின்றார்கள். 1955 ஜூலை 27இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, வாக்காளரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் உள்ளிட்ட பிறர் ஐவருக்கும் குறைவு. பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. 1957இல் சுதந்திரத்தை ஒட்டி விதிகள் தளர்ந்தன. அப்போது மனுப் போட்டவர் தப்பித்தார். “காகிதம் எதற்கு?” என்று இருந்துவிட்டவரை 1969இல் வேலை பெர்மிட் சட்டம் வாட்டியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய குடும்பங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு எந்த நாட்டிலுமே ஓட்டு இல்லையா என்றும் அந்த நண்பர் கேட்டார். உண்டு. ஐரோப்பாவின் வடக்கே டென்மார்க் என்றொரு சிறு நாடு. அங்கே சில ஆண்டுகள் சட்டப்படி குடியிருந்த அயல்நாட்டார், 1981 முதல் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தல் குடிமக்களுக்கு மட்டுமே. அவர்களுக்கு வாக்காளர் அட்டை வீடு தேடித் தபாலில் வரும். வேட்பாளர் படங்களைத் தெருவிளக்குக் கம்பங்களில் மாட்டுவார்கள். தேர்தல் முடிந்து எட்டு நாளுக்குள் கழற்றிவிட வேண்டும். நம் ஊர்க் கொடிகளோ கோழிக்கூண்டுக்குக் கூரையாகும் வரை தொங்கும்! ஓட்டுப் போடாதவருக்கு அங்கே அபராதம் இல்லை. ஆனாலும் 2022 நவம்பர் 1ஆம் நாள் நூற்றுக்கு 84 பேர் வாக்களித்தார்கள்.

நம் நாட்டில் நகராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நிலமும் மாநிலத்தின் அதிகாரத்தில்தான் இருக்கிறது. செம்பனைக் காட்டை அழித்து வீடமைப்புத் திட்டம் போட அனுமதி தருவது அந்த அரசு. கோயில் நிற்கும் இடத்துக்கும் தமிழ்ப்பள்ளி நிலத்துக்கும் பட்டா கேட்டு நாம் படியேறுவதும் அங்கேதான். ஆகவே சட்டமன்றத் தேர்தலைச் சின்னத் தேர்தல் என்று தோட்டத்து மக்கள் ஒதுக்குவது எமக்குப் புரியாத கணக்கு.

2021 டிசம்பர் முதல், 18 வயது நிறைந்த குடிமகனின் பெயர் பட்டியலில் தானாகவே ஏறுகிறது. மைகார்டில் உள்ள முகவரிதான் தொகுதியை முடிவு செய்யும். இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகிறார்கள். எம்மிடம் படித்த மாணவி ஒருத்தி ஜோகூர் பாருவில் வேலை செய்கிறாள். மைகார்டிலோ பழைய தோட்டத்து முகவரி. லயத்தை இடித்தே பல ஆண்டாயிற்று. இரண்டு பஸ் மாறி வந்து, அந்த இல்லாத வீட்டின் பேரில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள். “அடுத்த முறைக்குள் முகவரியை மாற்றிவிடு, அம்மா” என்றோம். “மாற்றிவிட்டால் இந்தப் பக்கம் வர எனக்கு வேறு காரணம் ஏது, சார்?” என்றாள்.