பொருநை வளர்த்த நாடு

பாண்டி நாட்டின் தென்பகுதியைப் பண்டையோர் தென்பாண்டி நாடு என வழங்கினர். வானுற ஓங்கிய பொதிய மலை அதன் மேற்கெல்லை. முத்து விளைந்த கடல் அதன் கீழெல்லை. இவ்விரண்டினையும் இணைத்து நடுவே ஓடுவது பொருநையாறு. தாமிரபரணி என்பதும் அதன் பெயரே. மலையிலே பிறந்து கடலிலே கலக்கும்வரை அஃது ஓடும் தொலைவு ஏறத்தாழ 128 கி.மீ. காவிரியின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு என்று சொல்லத்தகும். ஆயினும், பொருநைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது தமிழகத்திலே தோன்றித் தமிழகத்திலே நடந்து தமிழகத்திலேயே கடலொடு கலப்பது. அயலாரிடம் நீர் வேண்டி நிற்கும் நிலை அதன் கரையில் வாழ்வார்க்கு இல்லை. அவர்கள் வழக்காடுவதெல்லாம் தமக்குள்ளேதான். ஒரு நாட்டின் வளத்தையும் ஆட்சியையும் மக்களையும் அறிய விரும்புவோர், அந்நாட்டார் நீரை எங்ஙனம் பங்கிட்டுக் கொண்டனர் என்பதை அறிந்தால் பெரும்பகுதியை அறிந்தவராவர்.

தமிழகத்தின் பெரும்பகுதிக்கு மிகுதியான மழை தருவது ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வரும் வடகிழக்குப் பருவக்காற்றே. பொருநைக்கோ இரண்டு காற்றுகளும் துணைபுரிகின்றன. ஆனித் திங்களை ஒட்டித் தொடங்கும் தென்மேற்குக் காற்று, பொதிய மலையின் முகட்டிலே முகிலைக் குவிக்கின்றது. அக்காலத்தில் நெல்லைச் சமவெளியிலே மழை அரிது. வெயிலும் காற்றுமே மிகுதி. ஆயினும் ஆற்றிலே புதுவெள்ளம் வரும். வானம் பொழியாதபோதும் மலை கொடுத்த நீரைக்கொண்டு விளையும் நெல்லுக்குக் கார் என்று பெயர். அதனை அறுத்தபின், வடகிழக்குப் பருவத்தை நம்பி நட்டு, மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். கார், பிசானம் என்னும் இவ்விரு சொற்களும் நெல்லைச் சீமை உழவரின் நாட்காட்டியாக நெடுங்காலம் நின்றன. கடன் கொடுத்தலும் திருமணம் பேசுதலும் இவற்றை ஒட்டியே நடந்தன.

ஆற்றின் ஈரம் எட்டாத இடங்களில் நிலத்தின் தன்மையே வேறு. வடக்கே கோவிற்பட்டி, எட்டயபுரப் பகுதிகளில் பரந்து கிடப்பது கரிசல் மண். அங்கே பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். தெற்கே கடலை நோக்கிச் சென்றால் செம்மணற் குன்றுகள் தோன்றும். அவற்றைத் தேரி என்பர். காற்றடிக்குந்தோறும் இடம் பெயரும் அம்மணலில் வேரூன்றி நிற்க வல்லது பனை. விடியற்காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நாள்தோறும் பல பனைகளில் ஏறியிறங்கிப் பதநீர் எடுப்பவரும், அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்கும் அவர் மனைவியரும் உழைத்த உழைப்பு, வயலில் உழைத்தவர் உழைப்பிற்குச் சிறிதும் குறைந்ததன்று. மருதத்தின் பெருமை பேசுவோர் இத்தேரியை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

பொருநையின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேற்கிலிருந்து முறையே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் முதல் ஏழும் ஆங்கிலேயர் வருமுன்னரே அமைந்தவை. ஸ்ரீவைகுண்டம் அணை ஒன்றே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் கட்டியது. எட்டு அணைகளிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. அவை ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகின்றன. அவற்றின் வழியில் நூற்றெண்பதுக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. பழைய அணைகள் ஆற்றை முற்றும் மறிப்பன அல்ல. தாழ்வாகக் கட்டப்பட்ட அவை, நீரைச் சற்றே உயர்த்திக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டு, மிகுந்ததைத் தம்மீது வழியவிடும். மேலணை உண்டு எஞ்சிய நீர் கீழணைக்குச் செல்லும். வயலிற் பாய்ந்து வடிந்த நீரும் மீண்டும் ஆற்றையோ அடுத்த குளத்தையோ சென்றடையும். ஒரே நீர் பலமுறை உழைக்கும் இவ்வமைப்பினைக் கண்டு பின்னாளில் வந்த பொறியாளரும் வியந்தனர்.

கன்னடியன் கால்வாயைப் பற்றி மக்கள் வழங்கும் கதை ஒன்று உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவன் பெரும்பொருள் பெற்றான். அதனைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அறத்தில் செலவிட எண்ணி, பொதிய மலை முனிவராகிய அகத்தியரை நாடினான். ஒரு பசுவின் வாலைப் பற்றிச் செல்க எனவும், அது சென்ற வழியெல்லாம் கால்வாய் வெட்டி, அது சாணமிட்ட இடத்திலே குளமும், நீர் விட்ட இடத்திலே மதகும் அமைக்க எனவும் முனிவர் பணித்தாராம். அவ்வாறே கால்வாய் அமைந்தது என்பர். பசு மேட்டை விலக்கித் தாழ்வான வழியையே நாடும் என்பதை எண்ணினால், நிலமட்டம் பார்க்கத் தெரிந்த ஒரு தொழில் வல்லுநனின் அறிவு இக்கதையினுள் ஒளிந்து கிடப்பது புலனாகும்.

இந்நாட்டில் நெல் விளைந்த தொன்மை வியப்பளிப்பது. ஆதிச்சநல்லூரின் ஈமத் தாழிகளை 1876-இல் ஜெர்மானிய அறிஞர் ஜாகர் தோண்டிக் கண்டார். பின்னர் அலெக்சாந்தர் ரீ அங்கு விரிவாக அகழ்ந்து, பொன் நெற்றிப் பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வெளிப்படுத்தினார். அதற்கு அண்மையிலுள்ள சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்த தாழி ஒன்றினுள் நெல்மணிகள் கிடைத்தன. அவற்றைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் கி.மு. 1155 என்னும் காலம் பெறப்பட்டதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இறந்தோர்க்கு நெல்லிட்டுப் புதைத்த மக்கள் இங்கே வாழ்ந்தனர்.

நெல் உள்நாட்டுச் செல்வம்; முத்து வெளிநாட்டுச் செல்வம். பொருநையின் கழிமுகத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் அதனைக் குறிப்பிடுகின்றது. ஆனால் அந்நூல் கூறும் மற்றொரு செய்தியையும் இங்கே மறைத்தல் ஆகாது. அங்கே கடலுள் மூழ்கி முத்தெடுத்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அது. உரோம நாட்டுப் பெண்டிர் மார்பில் ஒளிர்ந்த முத்து, மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவன் எடுத்துக் கொடுத்தது. நாளடைவில் ஆறு சுமந்து வந்த வண்டல் கொற்கையைத் தூர்த்தது. கடல் விலகவே வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஏடன், ஓர்மஸ் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கலங்களைப் பற்றி எழுதியுள்ளார். இந்நாட்டார் குதிரை பேணும் முறை அறியாமையால் அவை விரைவில் இறந்தன என்றும், ஆண்டுதோறும் புதியன வாங்கினர் என்றும் அவர் குறித்தார். முத்து விற்ற பொன்னிற் பெரும்பகுதி குதிரைக்குச் செலவாயிற்று போலும்! பின்னர்க் காயலும் தூர்ந்தது. ஊரை வளர்த்த ஆறே துறையை அழித்ததும் இந்நாட்டு வரலாற்றின் ஒரு கூறு.

இனி ஆட்சியை நோக்குவோம். பாண்டியர் காலத்தில் இப்பகுதி சிறு சிறு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. அம்பாசமுத்திரம் முள்ளிநாட்டிலும், திருநெல்வேலி கீழ்வேம்ப நாட்டிலும் இருந்தன. மன்னன் மதுரையில் இருந்தான்; ஊரின் அன்றாட ஆட்சியை ஊர்ச்சபை நடத்தியது. அச்சபை பொருட்காவலும் செய்தது. 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன், அம்பாசமுத்திரத்தின் பழைய ஊராகிய இளங்கோக்குடியின் சபையாரிடம் 290 காசு கொடுத்தான். முதல் அழியாமல், காசு ஒன்றிற்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டியாக 580 கலம் அளந்து கோயில் வழிபாட்டை நடத்துதல் வேண்டும் என்பது ஏற்பாடு. படையெடுத்துச் சென்ற மன்னன் தொண்டைநாட்டில் பெண்ணையாற்றங்கரைப் பாசறையில் இருந்துகொண்டே இவ்வறத்தைச் செய்தான் எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. அத்துணைத் தொலைவிலிருந்து ஒரு மன்னன் நம்பிக் காசை ஒப்படைக்கும் அளவிற்கு ஊர்ச்சபையின் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

ஊராட்சி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டையே பலரும் நினைப்பர். அதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் முற்பட்ட கல்வெட்டு, திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூரில் உள்ளது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-இல் பொறிக்கப்பட்டது அது. சபையில் அமர்தற்குரியார் யாவர் என்பதை அது வரையறுக்கின்றது. ஊரில் நிலப்பங்கு உடையவராயும், ஒழுக்கம் உடையவராயும், வேதமும் ஒரு தருமநூலும் கற்றவராயும் இருத்தல் வேண்டும். பங்கின் பேரால் ஒருவரே அமரலாம். காற்பங்கு, அரைப்பங்கு உறுப்பினர் என்பது இல்லை. இவற்றினும் சுவையானது மற்றொரு விதி. சபையில் எப்பொருள் எடுக்கப்படினும் ‘கூடாது, கூடாது’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவரும், அவர்க்குத் துணைநிற்பவரும், அவ்வாறு தடுத்த பொருள் ஒவ்வொன்றிற்கும் 5 காசு தண்டம் செலுத்துதல் வேண்டும்! ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரும் சபை நடத்துதல் எளிதாக இருக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்விதிகளைப் படித்துப் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால், மானூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இருக்கை. அவ்வூர் வயலில் நாற்று நட்ட பெண்டிரும், ஏரோட்டியவரும், மடையைத் திறந்து அடைத்தவரும் அச்சபையில் வாய்திறக்க இடமில்லை. வாய்ப்பளிக்கப் பெற்றவர் மிகுதியாக மறுத்துப் பேசினால் 5 காசு. மற்றவர்க்கோ மறுத்துப் பேசவே வழியில்லை. கல்வெட்டு எவரைக் குறிப்பிடவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அக்காலத்து ஆட்சி முழுமையாகத் தெரியவரும்.

பாண்டியர்க்குப் பின் மதுரை நாயக்கர் வந்தனர். விசுவநாத நாயக்கரும் அவர் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாகப் பகுத்தனர். அவற்றுள் ஒன்றாகிய பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட வீரபாண்டிய கட்டபொம்மன், ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்து, 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்னரே, 1790-இல், கும்பினியார் திருநெல்வேலியை மாவட்டமாக்கியிருந்தனர். அம்மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின.

கும்பினியார் காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பாலம் இல்லை. மக்கள் படகுக்குக் காத்திருந்து ஆற்றைக் கடந்தனர். வெள்ளக் காலங்களில் பூசல்களும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஆட்சித்தலைவர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், பாலம் கட்டுதற்காக ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாயைத் தம் சொந்தப் பொருளிலிருந்து கொடுத்தார். 11 வளைவுகளுடன் அமைந்த அப்பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. இன்றும் அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. நாட்டை வென்றவர் பெயர்கள் பல மறந்துபோயின. கடக்க வழிசெய்தவர் பெயரை மாட்டுவண்டிக்காரனும் பேருந்து ஓட்டுநரும் ஒருங்கே சொல்லி வந்துள்ளனர்.

மக்களின் கைத்திறத்திற்கும் இவ்வாறே முதலாயிற்று. பத்தமடையில் நெசவாளர் ஆற்றோரக் கோரையை அறுத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மயிரிழைபோல் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக இட்டுப் பாய் நெய்கின்றனர். பட்டுத் துணிபோல் மடித்து வைக்கத்தகும் அப்பாயை நெய்வோருள் பெரும்பாலோர் முசுலிம் பெண்டிர். கோயில் திருமணங்களிலும் பள்ளிவாசல் சார்ந்த இல்லங்களிலும் மணமக்கள் அமர்வது அவர்கள் நெய்த பாயிலேதான். மண்பாண்டத்திற்குப் பெயர்பெற்ற காருகுறிச்சி, நாகசுர மேதை அருணாசலத்தையும் தந்தது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகிய அடியார் வரலாறு, 1586-இல் பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் உருவாயிற்று. ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரையும், ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரரையும் ஈன்ற ஊர்கள் என்பதை அறியாதார் இலர்.

1940-களில் எழுந்த பாபநாசம் அணையும், 1958-இல் முடிந்த மணிமுத்தாறு அணையும் மலைநீரைத் தேக்கிவைக்கும் வலிமையை நாட்டிற்குத் தந்தன. அவ்வலிமையோடு புதிய பங்காளிகளும் வந்தனர். பல மாவட்டங்களின் ஊர்கள் குடிநீருக்கும், தூத்துக்குடித் தொழிற்சாலைகள் தம் பணிக்கும் இவ்வாற்றையே நம்புகின்றன. மழை குன்றிய ஆண்டில் முதலில் குறைவது கார்ச் சாகுபடி; குறையும் நிலம் பெரும்பாலும் கீழணைகளின் கடைமடை நிலம். நகரங்களின் கழிவுநீரும் ஆற்றில் கலக்கின்றது. மணற்கொள்ளையால் ஆற்றின் மடி பள்ளமாகி, நீர்மட்டம் தாழ்ந்தது. அதனை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் நல்லகண்ணு முதியவராகிய பின்னும் நீதிமன்றம் சென்றார். 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொருநையில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது.

வறட்சியில் காயும் அக்கடைமடைப் பகுதியே 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாள்களில் வெள்ளத்தில் மூழ்கியது. காயற்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, மேற்கொண்டு செல்லும் பாதையின் அடிமண் அரிக்கப்பட்டமையால், 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. சாலைகளும் அறுந்தமையால் இரண்டு நாள் எவரும் அவர்களை அணுக இயலவில்லை. அண்மையிலுள்ள புதுக்குடி மக்கள் தாமே வெள்ளத்தில் இடருற்றிருந்தும், தம்மிடமிருந்த அரிசியைக் கொண்டுவந்து சோறாக்கி, முன்பின் அறியாத அப்பயணிகளுக்கு மீட்புப் படையினர் வரும்வரை உணவளித்தனர்.