வானத்திலிருந்து குதிக்கப் பழகுவது எப்படி?



போன மே மாதம் எங்க ஊர்க் கிணத்துல நீச்சல் பழகினேன். இடுப்புல பிளாஸ்டிக் கேன் கட்டியும் மூணு நாள் பயந்துக்கிட்டு படியிலேயே நின்னேன். சித்தப்பா திட்டவே இல்லை. "நாளைக்குக் குதிச்சுக்கலாம் பாப்பா, கிணறு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். நாலாம் நாள் குதித்துவிட்டேன்! அப்போதுதான் விமானத்திலிருந்து குதிப்பவர்கள் எப்படிப் பழகுவார்கள் என்று யோசனை வந்தது. படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்கு ஸ்கைடைவிங் என்று பெயர். அமெரிக்காவில் ஊருக்கு வெளியே இதற்கென்று சின்ன மைதானங்கள் உள்ளன. சில இடங்களில் ஒரே ஒரு செஸ்னா விமானம்தான் இருக்கும். அதில் விமானியோடு நாலு பேர்தான் போகலாம். அதனால் அவசரமே இல்லை. காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு மாணவர்களை ஏற்ற மாட்டார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

முதல் பாடம் தரையில்தான். குப்புறப் படுத்து, வயிறு கீழே, தலையும் கை கால்களும் மேலே என்று உடம்பை வில் போல வளைத்துப் பழகணும். அப்போதுதான் காற்றில் புரளாமல் விழலாம்.

பிறகு சுமார் 10,000 அடி உயரத்துக்குப் போவார்கள். தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தைப் போல 46 மடங்கு! இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே குதிப்பார்கள். வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வரை போகும். அதற்கு மேல் கூடாது. ஏனென்றால் காற்றின் தடையும் நம் எடையும் அப்போது சமமாகிவிடும். அரை நிமிடம் விழுந்த பின், சுமார் 5,500 அடியில் பாராசூட்டை இழுக்கணும்.

"பாராசூட் விரியலைன்னா?" என்று என் தோழி கேட்டாள். முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது சரியில்லை என்றால் ஒரு கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட்டு, அடுத்த கைப்பிடியால் இரண்டாவதை விரிக்கணும். இதைத் தரையிலேயே திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். வாய்ப்பாடு மாதிரி, யோசிக்காமலே கை போகணும். ஒருவர் மயங்கிவிட்டால்கூட, தாழ்ந்த உயரத்தில் வேகமாக விழுவதைக் கண்டுபிடித்து இரண்டாவதை விரிக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது.

தரைக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு கயிறுகளையும் சேர்த்துக் கீழே இழுத்தால் வேகம் குறையும். மெதுவாக இறங்கலாம்.

நம் நாட்டு வீராங்கனை ரேச்சல் தாமஸ் 2002-ல் வட துருவத்திலேயே குதித்திருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். விமானக் கதவு வரைக்கும் போய் மனசு வரவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லலாம். விமானத்திலேயே திரும்பி இறங்கலாம். அது கேவலம் இல்லை. பயப்படுறவங்களைக் கேலி செய்யாமல், பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். வானமும் எங்கயும் ஓடிப் போயிடாது!



- ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி