இடித்தால் பொடி, அரைத்தால் விழுது

சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் வாங்கிய நிலக்கடலையையும் காய்ந்த மிளகாயையும் பக்குவமாக வறுத்து மிக்ஸியில் போட்டால், ஊரில் மாமியார் உரலில் இடித்துக் கொடுத்தனுப்பும் பொடியைப் போல உதிரியாக வராமல், எண்ணெய் கசிந்து, உருண்டு திரண்டு, ஜாரின் சுவரில் அப்பிக்கொள்வது ஏன் என்று தோ பாயோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கூடவே ஒரு சந்தேகத்தையும் வைத்திருக்கிறார். கல்லில் இடித்த பொடியில்தான் சத்து நிற்கும், மிக்ஸியின் சூட்டில் எல்லாம் அழிந்துபோகும் என்று புட்டிகளின் மேல் அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அது மெய்தானா?

பின்னதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்கு அதிக நேரம் தேவையில்லை. வறுத்த கடலைக்கு அந்த மணம் வந்ததே வாணலியில் அதன் மேற்புறம் 150 டிகிரிக்கு அருகே ஏறியதால்தான். 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் விவரித்த மாற்றம், சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடிப் பழுப்பேறும் அந்த மாற்றம், அங்கேதான் நிகழ்கிறது. அத்தனை உஷ்ணத்தைத் தாங்கி வந்த பதார்த்தத்தை, கைபொறுக்கும் அளவுக்கு மட்டுமே சூடேறும் மிக்ஸி ஜார் என்ன செய்துவிட முடியும்? உரலில் இடித்த பொடி உயர்ந்ததுதான். ஆனால் அந்த உயர்வுக்குக் காரணம் சத்து அன்று. காரணம் முதற்கேள்விக்குள் இருக்கிறது. அது என்னைப் பல நாட்களாகப் பிடித்து வைத்திருக்கும் விஷயம்.

நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பது யாவரும் அறிந்தது. யாரும் நின்று யோசிக்காதது என்னவென்றால், பாதிக்குப் பாதி எண்ணெயாக இருக்கும் ஒரு பொருள் கையில் எடுத்தால் ஏன் பிசுபிசுப்பதில்லை என்பதே. அந்த எண்ணெய் பருப்புக்குள் குளமாகத் தேங்கி நிற்கவில்லை. ஒவ்வொரு செல்லிலும், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே குறுக்களவுள்ள எண்ணற்ற சூக்ஷ்மமான சிமிழ்களில் அடைபட்டிருக்கிறது. சிமிழின் மேலுறை பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளின் ஒற்றை அடுக்கு. அந்த உறையில் ஓலியோசின் என்னும் புரதம் கொண்டைஊசிபோல் மடிந்து, எண்ணெயை நாடும் நடுப்பகுதியை உள்ளே செருகி, இரு முனைகளையும் வெளியே பரப்பியபடி குத்தி நிற்கிறது. வெளியே பரந்த அந்த முனைகள் ஒன்றையொன்று விலக்குவதால், சிமிழ்கள் தோளோடு தோள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. விதை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், பின்னர் ஈரம்பட்டு ஊறினாலும், அவை தனித்தனியாகவே நிற்கின்றன.

சிங்கப்பூரின் பழைய செட்டித் தெருவை, அதாவது மார்க்கெட் ஸ்திரீட்டை, அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1970களில் நகரச் சீரமைப்புக்காக இடிக்கப்படும்வரை அங்கே நின்ற கிட்டங்கிகளில், நீண்ட ஒரே கூடத்தில், நடுவே சுவரோ தட்டியோ இல்லாமல், ஆளுக்கொரு பெட்டகமும் சிறு மேசையுமாகப் பல நகரத்தார் தத்தம் விலாசத்தின், அதாவது தொழில் நிறுவனத்தின், பெயரில் வட்டித்தொழில் நடத்தினார்கள். இடுக்கமான இடம், ஆயினும் ஒரு விலாசத்தின் பணம் அடுத்த விலாசத்தின் பெட்டியில் விழுந்ததில்லை. செல் என்பது அந்தக் கிட்டங்கி. சிமிழ்கள் பெட்டகங்கள். ஓலியோசின் என்பது அங்கே எழுதப்படாத சட்டமாக நிலவிய தொழில் மரியாதை. விதை முளைக்கும் காலத்தில் லிப்பேஸ் என்ற நொதி வந்து, சிமிழின் மேற்பரப்பிலிருந்து வேண்டிய அளவு மட்டும் எண்ணெயைச் சிதைத்து முளைக்குக் கொடுக்கிறதே, அது முதலாளி சொன்ன தொகையை மட்டும் எண்ணி எடுத்துத் தரும் பெட்டியடிப் பையன். இனி அந்தக் கிட்டங்கியை ஒருவன் இடிக்கிறான் என்று வையுங்கள். வாசற்கதவு பெயர்ந்தால் வாசலருகே இருந்த பெட்டகங்கள் மட்டும் சிதறும், உட்கூடம் தப்பும். கூரையிலிருந்து அடித்தளம்வரை தவிடுபொடியாக்கினாலோ எல்லாப் பெட்டகங்களும் உடைந்து, எல்லா விலாசத்துக் காசும் தரையில் ஒன்றாய் ஓடி, எது யாருடையதென்று பிரிக்க முடியாத வெள்ளமாகிவிடும்.

அந்த வெள்ளத்துக்குப் பெயர்தான் விழுது. அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காலேயே மதிப்பிடலாம். கடலைச் செல் ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்றும், துண்டின் வெளிப்புறத்து ஒரு வரிசைச் செல்களே கிழிகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அளவான துண்டில் 27 சதவீதச் செல்கள் கிழியும். அதை அரை மில்லிமீட்டராக்கினால் 49 சதவீதம். கால் மில்லிமீட்டராக்கினால் 78 சதவீதம். இன்னொரு பக்கம், கால் கிலோ கடலையில் இருக்கும் சுமார் 120 கிராம் எண்ணெய் அளவுக்குவளையில் 130 மில்லிலிட்டர் வரும். மீதிச் சக்கையோ 100 மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவான இடமே பிடிக்கும். இத்தகைய தூளைக் குவித்தால் மணிகளுக்கிடையே குவியலின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம் இருக்கும் என்று கொள்ளலாம். வெளிவந்த எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பத் தொடங்குகிறது. முழுதும் நிரம்பாதவரை மணிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். நாம் அதைப் பொடி என்கிறோம். மொத்த எண்ணெயில் ஏறத்தாழ 70 சதவீதம் வெளிப்பட்டவுடன் இடுக்கு முழுதும் நிரம்பி, மணிகளின் நடுவே எண்ணெய் இருந்த நிலை மாறி, எண்ணெயின் நடுவே மணிகள் மிதக்கும் நிலை வந்துவிடுகிறது. ஆகவே அரை மில்லிமீட்டரில் பொடி, கால் மில்லிமீட்டரில் விழுது! மிக்ஸியின் முன் நின்றவர்கள் கண்டிருப்பார்கள்: படிப்படியாக இளகுவதில்லை, இந்தக் கணம் மணல், மறுகணம் சேறு.

இதனை நம் பாஷை எப்போதோ கண்டுகொண்டது. உரலில் இடிக்கிறோம், அம்மியில் அரைக்கிறோம், திரிகையில் திரிக்கிறோம். இடித்து வருவது பொடி, அரைத்து வருவது விழுது. உலக்கை மேலிருந்து விழுந்து பருப்பை உடைத்துவிட்டு மீண்டும் எழுகிறது. அடுத்த அடிக்குள் தூள் புரண்டுகொள்கிறது. பெரிய துண்டே அடிபடுகிறது, சிறியது இடுக்கில் ஒதுங்குகிறது. அம்மிக்குழவியோ அழுத்தி இழுத்துத் தேய்க்கிறது. சிமிழின் மெல்லிய உறைக்கு அந்தத் தேய்ப்பே சத்துரு. மிக்ஸியின் அலகு நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று, ஏற்கெனவே தூளானதையே அடியில் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப வெட்டுகிறது. சிராங்கூன் சாலை வட்டாரத்திலும் சரி, நம் ஊர்களிலும் சரி, மல்லியையும் மஞ்சளையும் அரைத்துத் தரும் மில்காரர் நிலக்கடலையைக் கொண்டுபோனால் தயங்குவதற்கும் இதுவே காரணம்; எண்ணெய் கசிந்து மாவோடு பிசைந்து அரவைப் பாதையை அடைத்துவிடும்.

பாட்டிமார் பொட்டுக்கடலை சேர்ப்பது செலவைக் குறைக்க என்று நெடுநாள் நினைத்திருந்தேன்; அந்த அபிப்பிராயம் தவறு. கால் கிலோ கடலைக்கு 50 கிராம் பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் மணிகள் பெருகி இடுக்குகளும் பெருகுவதால், மேற்சொன்ன 70 சதவீத எல்லை 80ஐத் தாண்டிவிடுகிறது. கால் மில்லிமீட்டர் அளவுக்கு நைந்த கடலையும் அப்போது பொடியாகவே நிற்கும். ஆகையால் வாசகிக்கு நான் சொல்லும் முறை, வரிசையை மாற்றிக்கொள்வது. முதலில் மிளகாய், கல்லுப்பு, மொறுமொறுவென்று வறுத்த கறிவேப்பிலை, பெருங்காயம், பொட்டுக்கடலை இவற்றை எவ்வளவு நைஸாக வேண்டுமோ அவ்வளவு அரைத்துவிட வேண்டும். இவற்றில் எண்ணெய் சொற்பம், அஞ்ச வேண்டியதில்லை. பிறகே கடலையைப் போட்டு, இரண்டு நொடி ஓட்டுவதும் நிறுத்திக் கிளறுவதுமாக விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். பூண்டு சேர்ப்பவர்கள் அதை நசுக்கி, ஈரம் போகும்வரை வாணலியில் வாட்டிச் சேர்க்கலாம்.

இதே முறையை என் அடுக்குமாடி வீட்டில் மூன்று தடவை செய்து பார்த்தேன். வறுத்த சூட்டோடு ஓட்டிய முதல் ஈடு நொடியில் குழைந்தது. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறும்போது கடலை எண்ணெயின் கெட்டித்தன்மை ஏறத்தாழப் பாதியாகிவிடும். நீர்த்த எண்ணெய் இடுக்கெல்லாம் விரைந்து பாய்கிறது. சூடான பருப்பும் முறிவதற்குப் பதிலாக நசுங்குகிறது. அதற்குப் பயந்து இரண்டாவது ஈட்டைத் தட்டில் பரப்பி இரவு முழுவதும் ஆறவிட்டேன். சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலிருக்கும் இந்த ஊரில் விடிவதற்குள் அது நமத்துப்போய், உடைய மறுத்தது. மூன்றாவதை ஆறியவுடன், ஒரு மணி நேரத்துக்குள், ஓட்டினேன், பொலபொலவென்று வந்தது. உரல் வைத்திருப்பவர்கள் அதன் அடியில் தடித்த துணியை நாலாய் மடித்துப் போட்டுப் பகலில் இடிப்பது, கீழ்வீட்டாருக்குச் செய்யும் உபகாரம்.

சரித்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று இந்தப் பொடிக்கு எழுதப்படும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். நிலக்கடலையும் மிளகாயும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். கடல்வழி திறந்த பின்னரே, அதாவது 1500ஐ ஒட்டிய காலத்துக்குப் பின்னரே, நம்மிடம் வந்திருக்க முடியும். மணிலாக் கொட்டை என்றும், தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்றும் வழங்கும் பெயர்கள் பிலிப்பைன்ஸ் வழியைச் சுட்டுகின்றன. இலங்கைத் தமிழரின் கச்சான் மலாய்க்காரரின் கச்சாங்கேதான். சினிமாக் கொட்டகை வாசலில் கூம்புக் காகிதத்தில் கச்சாங் பூத்தே விற்ற தமிழர்களுக்கு அந்த வார்த்தை சொந்த வார்த்தையாகவே இருந்தது.

சிமிழ் உடைந்த எண்ணெய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உறைக்குள் இருந்தவரை எட்டாத பிராணவாயு இப்போது அதைத் தொடுகிறது. சில வாரங்களில் காறல் வாடை எழும். முழுக்கடலை மாதக்கணக்கில் தாங்குமிடத்தில் பொடி தாங்காது என்பதால், ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறு புட்டியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைப்பதே சரி. அதைவிட முக்கியமானது கடலையைப் பொறுக்குவது. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. வாணலிச் சூடு அதை முழுதும் அழிப்பதில்லை. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதுவானாலும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வறுப்பது ரக்ஷை அன்று. மேலே நான் புகழ்ந்த ஓலியோசினே அவர்களிற் சிலருக்குத் தீங்கு செய்யும் புரதங்களில் ஒன்று.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் ஒருநாள் கை தவறி விழுதாகிவிட்டால், மேலும் பொட்டுக்கடலை கொட்டி அதைத் திருப்ப முயல வேண்டாம். உடைந்த சிமிழ் ஒட்டாது. எதிர்த்த புளோக்கின் மலாய்ச் சமையலறையில் சாத்தேக்கு ஊற்றும் குவா கச்சாங் என்னும் கடலைக் குழம்பில் வேண்டுவது நேர் எதிர்: ரெம்பா என்னும் மசாலா விழுதை எண்ணெயில் வதக்கி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் ‘பெச்சா மின்யாக்’ பதம் வந்த பிறகே இடித்த கடலை சேர்கிறது, அதுவும் கொதித்துத் தன் எண்ணெயை விட்டுக்கொடுத்தால்தான் குழம்பு மினுமினுக்கும். நம் சமையலில் எண்ணெய் பிரிந்து வரட்டும் என்கிறோமே, அதுவே அது. வாசகி தம் ஜாரில் அப்பியதை வழித்தெடுத்து, கொஞ்சம் புளிக்கரைசலும் வெல்லமும் செரையும் சேர்த்துச் சிறுதீயில் வைக்கட்டும். செரை என்று மலாய்க்காரர் சொல்லும் எலுமிச்சைப்புல் தேக்காச் சந்தையிலேயே கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.