புகையானின் இருவகைச் சிறகு

சம்பா, தாளடிப் பயிர்களின் தூரடியில் கூட்டமாய் அமர்ந்து சாறுறிஞ்சும் புகையானை நம் சங்க அங்கத்தினர் நன்கறிவர். அரிசியளவுகூட இல்லாத இப்பூச்சி, பசும்பயிரை வட்டவட்டமாய்த் தீய்ந்தாற்போல் ஆக்குவது எவ்வாறு? அதன் உடலமைப்பிலேயே விடையுள்ளது.

வளர்ந்த புகையானில் இரு வகை உண்டு. பயிர் செழித்து, கூட்டம் குறைந்திருக்குங்கால் குட்டைச் சிறகுடையவை மிகுதியாகத் தோன்றும். இவை பறக்கமாட்டா, பறப்பதற்காகும் சத்து முட்டைக்குச் செல்வதால், விரைவாகவும் மிகுதியாகவும் முட்டையிடும். கூட்டம் பெருகிப் பயிர் வாடத் தொடங்கியதும் நீள்சிறகுடையவை தோன்றி, காற்றோடு வேறு வயல் தேடிச் செல்லும். இருக்குமிடத்தில் பெருகுவதற்கு ஓர் உடல். உணவு தீருமுன் அகலுவதற்கு மற்றோர் உடல்.

முட்டைகள் இலையுறைக்குள் புதைந்திருத்தலின் மருந்து அவற்றை எளிதில் தீண்டாது, வயற்சிலந்திகளையோ கொன்றுவிடும். பின்னர்ப் பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பகையில்லை. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்த வயலில் புகையான் முன்னிலும் பெருகுவதற்கு இது முக்கிய காரணமாகும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இவை: நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதல்; தழைச்சத்தை அளவோடு பிரித்திடுதல்; நீரை அவ்வப்போது வடித்துத் தூரடியைக் காயவிடுதல். குத்துக்கு ஒரு சிலந்தி காணப்படின், தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையேல் 1 பூச்சியே எல்லை. மருந்துக்கடைக்குச் செல்லுமுன் வயலில் இறங்கித் தூரை விலக்கி எண்ணிப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.