கிளியா, குளியா?

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கும் மாணவி, சொல்வதெழுதுதலில் மட்டும் ‘கிளி’யைக் ‘குளி’ என்றும் ‘பசி’யைப் ‘பதி’ என்றும் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கவனம் போதவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். காதில் குறை இருக்குமோ என்று தோன்றுவதில்லை, கூப்பிட்டால் திரும்புகிறாளே! நான் இயற்பியல் பாடம் நடத்துபவன். பள்ளி மடிக்கணினியில் ஓர் இலவச மென்பொருளை நிறுவி, ஒருவர் பேசப் பேசவே அவர் குரலின் அதிர்வெண்களை வெட்டிக் கேட்டோம். ஒலி கேட்பதும் சொல் புரிவதும் வேறுவேறு என்பதை இதைவிட விரைவாக விளங்கவைக்கும் செய்முறையை நான் கண்டதில்லை.

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடம் நடத்துகிறோம். பேச்சொலியின் ஆற்றல் அந்த எல்லை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. உயிரொலிகளின் வலிமையில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ‘பசி’யில் வரும் சகரத்தின் சீறலோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. உயிரொலிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. இகரம், உகரம் இரண்டுக்கும் வாயறையின் முதல் ஒத்ததிர்வு 300, 400 ஹெர்ட்ஸ் அளவில் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடுத்த ஒத்ததிர்வுதான். இகரத்தில் அது 2000 ஹெர்ட்ஸை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். உகரத்தில் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். மேல் பகுதி காதில் விழாவிட்டால் இகரமும் உகரமும் ஒன்றுபோலவே கேட்கும்.

மென்பொருள் இதை எப்படி வெட்டுகிறது? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் கணினி விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவற்றை 512 எண்கள் கொண்ட கட்டுகளாக எடுத்துக்கொண்டால், ஒரு கட்டு என்பது ஏறத்தாழ 11 மில்லி விநாடிப் பேச்சு. ஒரு கட்டைக் கணக்கிட்டு வெளியே அனுப்புவதற்குள் அடுத்த கட்டு நிரம்பிவிடும். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் ஒலி கரகரக்கும். பழைய மடிக்கணினியில் கட்டை 1024 ஆக்கினால் கரகரப்பு குறையலாம். தாமதம் சற்றுக் கூடும்.

நடக்கும் கணக்கைக் கரும்பலகையிலேயே காட்டலாம். 2, 8, 2, 8, 2 என்று எழுதி, அடுத்தடுத்த இரண்டிரண்டு எண்களின் சராசரியை எடுக்கச் சொல்லுங்கள். 5, 5, 5, 5 என்று வரும். வேகமான ஏற்ற இறக்கம் மறைந்துவிட்டது. 2, 3, 4, 5 என்ற வரிசையில் 2.5, 3.5, 4.5 என்று மெதுவான ஏற்றம் அப்படியே நிற்கும். உயர் அதிர்வெண்ணை நீக்கும் வடிகட்டி, அடிப்படையில் இந்தச் சராசரிதான். கணித ஆசிரியர்கள் இதை விரும்புவார்கள்.

விண்டோஸ் கணினிக்கு ‘ஈக்வலைசர் ஏபிஓ’, லினக்ஸுக்கு ‘ஈஸி எஃபெக்ட்ஸ்’ ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸில் மைக்கின் அமைப்புகளில் ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால் குரல் நேரே ஒலிபெருக்கிக்குப் போகும். மென்பொருளில் ‘லோ பாஸ்’ வடிகட்டியைச் சேர்த்து அதிர்வெண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு வடிகட்டி மட்டும் இருந்தால் வெட்டு மழுங்கலாக இருக்கும். ஒரே அளவில் மூன்றை அடுக்குங்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் ஒரே அறையில் இருந்தால் ஊளையிடும். பேசுபவரின் நேர்க்குரலும் காதில் விழுந்து சோதனையைக் கெடுக்கும். நாங்கள் நீண்ட கம்பி போட்டு ஒலிபெருக்கியை அடுத்த அறையில் வைத்தோம்.

தமிழாசிரியர் திரை, துரை, கிளி, குளி, பசி, பதி என்று கலைத்துப் போட்டுப் படித்தார். மற்ற ஆசிரியர்கள் எழுதினார்கள். 4000 ஹெர்ட்ஸில் வெட்டியபோது பெரிய சிரமமில்லை. சகரம் மட்டும் மங்கியது. 2000-இல் மெய்யெழுத்துகள் தடுமாறின. 1000-க்கு இறக்கியதும் திரையும் துரையும் பிரியவே இல்லை. ஆனால் பேசுவது யார், கேள்வியா, அதட்டலா என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பும் குழந்தைக்குக் கிடைப்பது இதுதான். ‘சத்தமாகச் சொல்லுங்கள்’ என்றார் ஒருவர். தமிழாசிரியர் கத்தியே பார்த்தார். ஏற்கெனவே கேட்ட உயிரொலிகள்தாம் பெருத்தன. கேட்காத பகுதி வரவேயில்லை. ‘கிளி பறந்தது’ என்று முழு வாக்கியமாகச் சொன்னபோது எல்லோரும் சரியாக எழுதினார்கள். அவர்கள் ஊகித்தது அது. சொல்வளம் குறைந்த சிறு பிள்ளையால் அப்படி ஊகிக்க முடியாது.

ஒலிப்பதிவை வெட்டிக் கேட்பதைவிட நேரடியாகச் செய்வது மேல். அடுத்து என்ன சொல் வரும் என்று யாருக்கும் தெரியாது. பேச்சு நிற்காமலே எல்லையை ஏற்றி இறக்கலாம். டிஜிட்டல் காதுக்கருவியும் நிகழ்நேரத்தில் கணக்கிடுவதுதான். ஆனால் அது வெட்டுவதில்லை. ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, குறைவாகக் கேட்கும் பட்டையை மட்டும் கூடுதலாகப் பெருக்குகிறது. சில மில்லி விநாடிகளுக்குள் அதை முடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் செய்முறை செவித்திறன் பரிசோதனை ஆகாது; மாணவர்களை உட்காரவைத்துச் சோதிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாச் செவிக்குறையும் உயர் அதிர்வெண்ணில் வருவதும் இல்லை. காதில் சீழ் வடியும் பிள்ளைக்குத் தாழ்ந்த ஒலிகளும் குறையலாம். சந்தேகம் வந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி, அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புங்கள். சொல்வதெழுதுதல் நோட்டையும் கையோடு கொடுத்தனுப்பலாம். எந்தெந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்பது அதில் இருக்கிறது.