துருவுக்கு என்ன விலை?

பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது, தோழர்களே! பளபளக்கும் வண்ணம், முகம் பார்க்கலாம் போன்ற மினுமினுப்பு. “புத்தம் புதிது போல் இருக்கிறதே!” என்று வாய் பிளக்கிறார் சீமான். பட்டறைத் தோழர் மயங்குவாரா? காந்தத்தை எடுத்துக் கதவிலே வைக்கிறார். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாது நழுவினால், உள்ளே இருப்பது பட்டி! பிறகு சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் தொழிற்சாலைப் பேரேட்டோடு ஒப்பிடுகிறார். பிறந்தபோது இருந்த உறுப்புகள் எத்தனை, பின்னால் வந்து ஒட்டியவை எத்தனை என்று கணக்கெடுக்கிறார். மேனி மினுக்கு அல்ல மதிப்பு. மெய்யான உறுப்பே மதிப்பு!

ஆதாரம் கேட்பீர்கள். தருகிறோம்.

சுவிட்சர்லாந்தில் மஜோரே ஏரி. அதன் கரையில் அஸ்கோனா எனும் ஊர். 1925-இல் செய்யப்பட்ட புகாட்டி பிரெசியா கார் ஒன்று அங்கே வந்து நின்றுவிட்டது. செலுத்தவேண்டிய சுங்கவரியோ காரின் விலையைவிட அதிகம். ஆகவே அதிகாரிகள் அதைச் சங்கிலியில் கட்டி ஏரியில் இறக்கினர் என்பது அவ்வூரார் சொல்லும் கதை. சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் போய்ப் படுத்தது.

2009 சூலையில் அவ்வூர் முக்குளிப்போர் அதைக் கரையேற்றினர். கிடைத்தது என்ன? துரு! தின்னப்பட்ட தகடு! ஓடாத என்ஜின்! 2010 சனவரியில் பாரிசில் ஏலம். அதிகமாகப் போனால் 90,000 யூரோ என்றனர் மதிப்பிட்டோர். போனதோ 2,60,500 யூரோ!

பைத்தியமா வாங்கியவர்களுக்கு? இல்லை! அந்தத் துருவிலே பட்டி இல்லை, பாசாங்கு இல்லை, போலி உறுப்பு இல்லை. மோல்சைம் தொழிற்சாலையின் தொழிலாளி அராவிய இரும்பு அதிலே எஞ்சியிருந்தது. புதுத்தகடு போர்த்தினால் கார் ஓடும்; ஆனால் அந்தக் கைவேலை மறையும். அதனால்தான் வாங்கிய கலிபோர்னியா அருங்காட்சியகம், துருவைத் துடைக்காமல் அப்படியே மக்கள் பார்வைக்கு வைத்தது. அருங்காட்சியகம் 2024-இல் மூடப்பட்டது. அது கற்பித்த பாடம் மூடப்படவில்லை.

ஏலப் பணம் எங்கே போயிற்று? வன்முறைக்குப் பலியான இளைஞர் ஒருவரின் நினைவாக அமைந்த அறநிறுவனத்துக்கு!

வரிக்குக்கூடத் தேறாது என்று அன்று அமிழ்த்தினார்கள். அள்ளிக்கொடுத்து இன்று வாங்கினார்கள். கார் ஒன்றுதான், கண்கள்தாம் வேறு. மெருகைப் பார்த்தா விலை சொல்வீர், மெய்யைப் பார்த்தா?

காந்தம் உங்கள் கையில், தோழர்களே!