எதை எதில் வைப்பது?

நெல்லைக் குதிரில் கொட்டுகிறோம். உப்பைச் சாடியில் வைக்கிறோம். எதை எதில் வைப்பது என்னும் தெளிவு வீட்டுக்கு வேண்டியது போலவே தரவுத்தளத்துக்கும் வேண்டும். அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு பத்திக்கும் எண், எழுத்து, நாள் என ஒரு வகையை முதலிலேயே வகுத்துவிடுகிறோம். அவ்வகை பிழைபட்டால் என்ன நேரும்?

2018 நவம்பர் 8 அன்று நடந்ததைக் காண்போம். அமெரிக்க மென்பொருளான பேஸ்கேம்ப் 3-இல், நிகழ்வுகளைப் பதியும் அட்டவணையின் வரிசை எண் 32 பிட் இன்டிஜராக இருந்தது. அது தாங்கும் பேரெண் 2,147,483,647. அவ்வெண்ணை எட்டியதும் அடுத்த பதிவுக்கு இடமில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பயனாளர்களால் படிக்க முடிந்ததேயன்றி எழுத முடியவில்லை. வியப்பு என்னவெனில், அந்நிறுவனத்தின் பணியில் பிறந்த ரெயில்ஸ் கட்டமைப்பு 2017-லேயே வரிசை எண்ணுக்கு 64 பிட் பிக்இன்ட்டை இயல்பாக்கிவிட்டது. புதிய அட்டவணைகளுக்கு அது பயன்பட்டது. பழையது பழையபடியே நின்றது.

பின்னர் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வார்ச்சாரை டெக்ஸ்ட் ஆக்குவது எளிது. ஆனால் இன்டிஜரைப் பிக்இன்ட் ஆக்கினாலோ அட்டவணை முழுவதும் மீண்டும் எழுதப்படும். அதுவரை அதற்குப் பூட்டு. கோடிக்கணக்கான வரிகள் இருந்தால் வேலையே நின்றுவிடும். ஆகவே, புதிய பத்தி ஒன்றைச் சேர்த்து, வரும் பதிவுகளை இரண்டிலும் எழுதி, பழையவற்றைச் சிறிது சிறிதாகப் படியெடுத்து, இறுதியில் பெயரை மாற்றிக்கொள்வதே அறிந்தோர் வழி.

மூன்று நெறிகளை மனத்திற் கொள்க. பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர், அதில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் துல்லியமாக 0.3 ஆகாது. டெசிமலே தகும். தொலைபேசி எண்ணை எழுத்தாகவே வையுங்கள். அதை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. எண்ணாக வைத்தால் பெங்களூரின் 080 வெறும் 80 ஆகிவிடும். மூன்றாவது நெறி நமக்கே உரியது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஆங்கிலப் பெயருக்கு அளந்து வகுத்த பத்தியில் தமிழ்ப் பெயர் வால் அறுந்து நிற்கும். அல்லது நுழையவே இடம் பெறாது.

விடுதிக் கணக்குக்கோ மன்ற உறுப்பினர் பட்டியலுக்கோ அட்டவணை வகுக்கப் புகும் நண்பர்களே! இன்றைய அளவை மட்டும் நோக்காது நாளைய வளர்ச்சியையும் எண்ணுங்கள். வரிக்கு நான்கு பைட் கூடுவது சிறு செலவு. ஐந்து மணி நேர முடக்கமோ பெருஞ்செலவு.